கொழுப்பு மாத்திரை: பயப்படலாமா? நிறுத்தலாமா?

மூன்றாமாண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுவியல் துறை, தேவாரம்



நம்மில் பாதிப்பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். கரண்ட் பில் முதல் மாத்திரை அட்டை வரை "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். அந்த அட்டைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். ஊர்ப்பேச்சில் கொழுப்பு மாத்திரை. "அது கை காலை முடக்கிப் போடும், ஈரலைக் கெடுத்துரும்" என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இதில் எது உண்மை, எது வெறும் பயம்?

மாத்திரை செய்யும் வேலை

கொலஸ்ட்ரால் முழுக்க முழுக்கக் கெட்டது அல்ல. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அது வேண்டும். அதில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதில் முக்கியம். எல்.டி.எல். என்ற வகை ரத்தத்தில் கூடினால், பாய்லர் குழாயில் உப்புப் படிவதைப் போல ரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு.

ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைக் குறைக்கின்றன. உடனே கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. இந்த வகை மருந்தை 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சைக் காளானில் இருந்து முதலில் கண்டெடுத்தார்.

பலன் உண்டா? 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4444 இதய நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்தார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர். நம் தமிழ்நாட்டிலும் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலில் தரும் 14 மாத்திரைகளில் 8 அட்டோர்வாஸ்டாட்டின்தான்.

வலி யாரால் வந்தது?

எங்கள் அப்பா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக மேலே போய், சரிவில் குனிந்து நிமிர்ந்து, இருட்டியபின் வீடு திரும்புவார். மாரடைப்பு வந்து பிழைத்தபின் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் தொடை வலி. "மாத்திரைதாண்டா காரணம், நிறுத்திப்புடுறேன்" என்றார். எங்கள் வீட்டில் அவர் சம்பாத்தியம்தான் அடுப்பெரிக்கிறது. இன்னொரு தடவை அவர் படுத்தால் என் படிப்பும் சேர்ந்து படுத்துவிடும். டாக்டரிடம் கூட்டிப்போனேன். தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை, தைராய்டு இரண்டும் பார்த்தார். சரியாகவே இருந்தன. பிறகு அவரே நாள் குறித்து இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். வலி போகவில்லை. மறுபடி ஆரம்பித்தார், வலி கூடவும் இல்லை. சரிவில் ஏறி இறங்கியதன் வலிதான் அது!

மெஷின் லேப்பில் லோடு இல்லாமலும் டெஸ்ட் எடுக்கிறோம் அல்லவா? அப்போதுதான் எந்த இழப்பு லோடால் வந்தது, எது மெஷினுக்குள்ளேயே இருப்பது என்று பிரிக்க முடியும். இங்கிலாந்தில் இதையே மனிதரிடம் செய்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், பக்கவிளைவு என்று மாத்திரையை விட்டிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது! 'வலிக்கும்' என்ற எதிர்பார்ப்பே வலியைக் கொண்டுவந்தது. உண்மை தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் மறுபடி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் பக்கவிளைவே இல்லையா?

உண்டு. 2022-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாத்திரை சாப்பிட்டுத் தசைவலி என்று சொன்ன சுமார் 15 பேரில் ஒருவருக்கு மாத்திரையே காரணம். அவருக்கும் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினோ வேறு வகை மருந்தோ மாற்றலாம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். மிக அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தில் இது அதிகம் வந்ததால் 2001-ல் அதைச் சந்தையில் இருந்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே பயம் வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

1. உட்கார்ந்தால் எழ முடியாத அளவு தசைவலி, பலவீனம்.
2. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது.
3. கண், தோல் மஞ்சளாவது.

கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். எந்த டாக்டரிடம் போனாலும், மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும், பழைய அட்டையைக் காட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவரும் அதற்குத் தயாராகிறவரும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம்

"ரிப்போர்ட்டில் கொழுப்பு குறைஞ்சிருச்சே, நிறுத்தலாமா?" குறைத்து வைத்திருப்பதே மாத்திரைதான். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய அளவுக்கு ஏறிவிடும்.

"பூண்டு தின்றால் போதாதா?" மாரடைப்பு வந்தவருக்குப் பூண்டு மாத்திரைக்கு ஈடாகாது. ஆனால் இதய நோயே இல்லாமல், கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூடியவருக்கு மாத்திரையால் கிடைக்கும் லாபம் சிறியது. அவர் முதலில் பீடியை விட்டு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது நம் உரிமை!

நண்பர்களே, அட்டையில் உள்ள பக்கவிளைவுகளை வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்தினால் பாதிப் படிப்பைத்தான் வீட்டுக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். வலி எப்போது தொடங்கியது, எங்கே, வேறென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி, பெரியவரோடு நாமும் டாக்டர் முன்னால் போய் உட்காருவோம். மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பது அங்கே முடிவாகட்டும், டீக்கடையில் வேண்டாம்!