ஒரே குண்டில் சாகும் வீரன்

அண்ணே, உங்கள் பையன் வாங்கியிருப்பது 'காண்ட்ரா: ஆபரேஷன் கலூகா'. 2024 மார்ச்சில் வந்த விளையாட்டு. பழைய காண்ட்ராவையே எடுத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். "அன்னைக்கு சுட்டதையே இன்னைக்கும் சுடுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு காசு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை, இன்னொன்று சொல்லிவிடுங்கள். முதலிலிருந்து வருகிறேன்.

1987-இல் ஜப்பானின் கோனாமி நிறுவனம் காண்ட்ராவை வெளியிட்டது. முதலில் காசு போட்டு ஆடும் ஆளுயர இயந்திரத்தில் வந்தது. அடுத்த ஆண்டு வீட்டு டிவியில் செருகி ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஆடித் தீர்த்தது இந்த இரண்டாவதைத்தான். கதை நடப்பது 2633-ஆம் ஆண்டில். நியூசிலாந்துக்கு அருகே கலூகா என்று ஒரு தீவுக்கூட்டம், அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெட் ஃபால்கன் என்ற கூட்டம், அதை ஒழிக்கப் போகும் இரண்டே வீரர்கள்: பில், லான்ஸ். மேலே சட்டை இல்லை. ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, மற்றவனுக்குச் சிவப்பு. அர்னால்டும் ஸ்டாலோனும் திரையை ஆண்ட காலம் அது. அட்டைப்படத்தில் நிற்கும் வீரனைப் பார்த்தால் 'பிரிடேட்டர்' படத்து அர்னால்ட் அப்படியே தெரிவார். இரண்டு பேர் காட்டுக்குள் நுழைந்து ஒரு படையையே துடைத்தெறிந்து, கடைசியில் வேற்றுக்கிரகத்துப் பிராணியின் துடிக்கும் இதயத்தைச் சுட்டு உடைக்கிறார்கள். 1991-இல் 'கேப்டன் பிரபாகரன்' பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இந்த மிகை அந்நியமாகவே படவில்லை. நாயகன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நின்டெண்டோவின் அசல் பெட்டி நம் பக்கத்து வீடுகளுக்கு அநேகமாக வரவில்லை. வந்ததெல்லாம் அதைப் பார்த்துச் செய்த நகல்கள். 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயர்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டிவி கேம் என்போம். கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம் விளையாட்டுகள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஆனால் அந்தத் திரும்பல் முழுக்க ஏமாற்று இல்லை. பட்டியலில் கீழே வரும் இன்னொரு காண்ட்ராவில் கை நிறைய உயிர் இருக்கும், வேறொன்று நடுக்கட்டத்தில் தொடங்கும். எது எந்த எண்ணில் இருக்கிறது என்று தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். கையேடு கிடையாது. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பது வாய்வழியாகவே பரவியது. அந்த வரிசையை முதன்முதலில் வைத்தவர் கோனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 2020-இல் அவர் காலமானபோது உலகமெங்கும் விளையாட்டுக்காரர்கள் அந்தப் பத்து அழுத்தல்களைத்தான் அஞ்சலியாக எழுதினார்கள்.

காரைக்காலில் உட்கார்ந்து இதைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1962-இல் இந்தியா–பிரான்ஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. பெரியப்பா பிள்ளைகள் பிரான்சில், சித்தப்பா பிள்ளைகள் இங்கே. அந்தக் காலத்தில் அங்கே வளர்ந்த பையன் நின்டெண்டோவில் காண்ட்ரா ஆடியிருந்தால், அவன் பார்த்தது நாம் பார்த்த பில்லையும் லான்ஸையும் அல்ல. ஐரோப்பாவில் நின்டெண்டோவுக்கு அது 'புரோபோடெக்டர்' என்ற பெயரில் 1990-இல் போனது. ஜெர்மனியில் சிறுவர் விளையாட்டில் மனிதரைச் சுடுவது பற்றிக் கடும் கெடுபிடி இருந்ததால், இரண்டு வீரர்களையும் எதிரிகளில் பலரையும் ரோபோக்களாக மாற்றிவிட்டார்கள். காடு அதே காடு, பாலம் அதே பாலம், இசை அதே இசை. ஓடுவது மட்டும் இரும்பு மனிதன். லீவுக்கு வரும்போது அவன் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தாலும் இங்கே செருகியிருக்க முடியாது. நம் நகல் பெட்டிகள் ஜப்பானிய வடிவத்தைப் பின்பற்றியவை, 60 முனை. ஐரோப்பியக் கேசட்டுக்கு 72. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே விளையாட்டை, ஒருவருக்கொருவர் காட்ட முடியாத இரண்டு உருவங்களில் ஆடியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அதில் அப்படி என்ன இருந்தது?

ஒரே குண்டு. அதுதான் எல்லாவற்றுக்கும் அடி. எதிரியின் குண்டு ஒன்று பட்டால் வீரன் செத்தான். உடம்பில் பலம் குறையும் பட்டை கிடையாது, மருந்துப் பெட்டி கிடையாது. மூன்று உயிர். சாகும்போது கையிலிருந்த நல்ல துப்பாக்கியும் போய்விடும், பழைய சாதாத் துப்பாக்கியோடு மறுபடி பிறப்பான். இவ்வளவு கொடுமையான விதியைப் பிள்ளைகள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், அந்த விளையாட்டு ஏமாற்றாது. எதிரியின் குண்டு மெதுவாக வரும், தனியாகத் தெரியும். சுவரில் பதித்த பீரங்கி எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். ஓடிவரும் சிப்பாய்களுக்கு முடிவில்லை, ஆனால் திரையின் ஓரத்திலிருந்துதான் வருவார்கள். தாவிய பிறகு அந்தரத்திலேயே திசையைத் திருப்பலாம். குப்புறப் படுத்தால் மேலே குண்டு போகும். முதல் கட்டத்தில் தண்ணீர் வரும் இடத்தில் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் வீரன் முங்கிவிடுவான், எந்தக் குண்டும் தொடாது, ஆனால் அவனாலும் சுட முடியாது. தப்பிப்பதா, தாக்குவதா என்ற முடிவு அந்த ஒரு பொத்தானில் இருக்கிறது. செத்துப் போனால், ஏன் செத்தோம் என்று அடுத்த நொடியே தெரியும். தெரிந்ததால்தான் மறுபடி ஆடத் தோன்றும்.

இதற்கு அந்தக் காலத்து இயந்திரத்தின் ஏழ்மையும் ஒரு காரணம். அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். அமெரிக்கக் கேசட்டில் முழு விளையாட்டும் சேர்ந்தே 128 கிலோபைட், இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிது. நகரும் சிறு உருவத் துண்டுகள் திரையில் 64-க்கு மேல் நிற்க முடியாது. ஒரே கிடைக்கோட்டில் எட்டைத் தாண்டினால் மீதி மறைந்துவிடும். அதனால்தான் கூட்டம் சேர்ந்தபோது படம் மினுக்கியது. டிவி கெட்டுப்போச்சு என்று வீட்டில் அதன் தலையில் தட்டினோமே, அது டிவியின் குற்றமில்லை. இப்படி இடமில்லாதபோது வடிவமைப்பவர் என்ன செய்வார்? தேவையில்லாத ஒரு பொருளைக்கூடத் திரையில் வைக்க மாட்டார். அசைவதெல்லாம் ஒன்று எதிரி, இல்லை குண்டு, இல்லை உனக்கு வேண்டிய ஆயுதம். எழுத்தைப் பார்த்தாலே ஆயுதம் புரியும். எஸ் என்றால் ஐந்து குண்டு விசிறியாக விரியும், எல் என்றால் லேசர். மாங்கனித் திருவிழாக் கடையில் பலூன் சுடுகிறவனுக்கு எப்படிப் பலகையும் பலூனும் தவிர வேறொன்றும் கண்ணில் படாதோ, அப்படி இருந்தது அந்தத் திரை.

கதை எவ்வளவு மிகையோ அவ்வளவுக்கு விதி சிக்கனம். எட்டுக் கட்டங்கள். கைதேர்ந்தவர் அரைமணிக்குள் முடித்துவிடலாம். நடுவில் சேமித்து வைக்கும் வசதி இல்லை, கரண்ட் போனால் மறுபடி காட்டிலிருந்து. இரண்டு பேர் ஆடும்போது இன்னொரு அழகு. மூன்றாம் கட்டம் அருவி, மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முன்னே ஏறினால் திரையும் அவனோடு ஏறும், கீழே தங்கியவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். அண்ணன் தம்பிச் சண்டைகள் பல அந்த அருவியில் தொடங்கியவை. கூட வருபவனைக் கவனித்து ஏறு என்று விளையாட்டு வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படி ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டது.

இப்போது பழைய பாணி விளையாட்டு என்று நிறைய வருகின்றன. பலர் கட்டம் கட்டமான படத்தையும் கீச்சு இசையையும் மட்டும் எடுத்துக்கொண்டு பழமை என்கிறார்கள். எனக்கு அது போதாது. ஒன்றை மட்டும் பார்ப்பேன்: செத்தபோது காரணம் தெரிகிறதா? தெரிந்தால், படம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது காண்ட்ராவின் வாரிசு. தெரியாவிட்டால், எவ்வளவு பழைய வேடம் போட்டாலும் இல்லை.

அந்த அளவுகோலில் உங்கள் பையனின் கலூகா பாதிக்கு மேல் தேறுகிறது. செய்தவர்கள் வேஃபார்வர்ட் என்ற அமெரிக்க நிறுவனம். 2007-இல் 'காண்ட்ரா 4' செய்தவர்களும் அவர்களே, ஆகவே மரபு தெரியும். ஓட்டமும் தாவலும் கைக்கு இதமாக இருக்கின்றன. இரட்டைத் தாவல், முன்னோக்கிப் பாய்ச்சல் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'ஓவர்லோட்' என்ற புது ஏற்பாடு: கையிலிருக்கும் நல்ல துப்பாக்கியையே பலி கொடுத்தால் அதற்கேற்ற ஒரு பெரும் சக்தி ஒருமுறை கிடைக்கும். சேர்த்து வைப்பதா, இப்போதே செலவழிப்பதா என்ற பழைய தவிப்பை இது அழகாகத் திரும்பக் கொண்டுவருகிறது. புரோபோடெக்டரையும் மறக்கவில்லை. புள்ளி சேர்த்து வாங்கினால் அந்த ஐரோப்பிய ரோபோவாகவே ஆடலாம். பிரான்சுக்காரத் தம்பி லீவுக்கு வந்தால் அவனுக்கு அதைக் கொடுக்கச் சொல்லுங்கள், முகம் மலரும்.

குறை எங்கே என்றால், திரையில். உருவங்கள் முப்பரிமாணம், பின்னணியில் வெளிச்சமும் வெடியும் புகையும். பெரிய சண்டைகளில் என் கண் எதிரியின் குண்டைத் தேட வேண்டியிருந்தது. தேடும் நேரத்தில் அடிபடுகிறோம், ஏன் என்று உடனே புரிவதில்லை. அதற்கு ஈடாக உடம்புப் பலத்துக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மூன்று அடி தாங்கலாம். இந்தத் தாராளம்தான் எனக்கு வருத்தம். அடி தாங்கலாம் என்றதும் பையன் குண்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னே ஓடுவான். நடுநடுவே கதைப் பேச்சும் அதிகம். பில்லும் லான்ஸும் பேசி நாம் எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இதே தேர்வில் முழு மதிப்பெண் வாங்குவது வேறொன்று: 'பிளேசிங் குரோம்'. 2019-இல் வந்தது, ஜாய்மாஷர் என்ற பிரேசில் நாட்டுச் சிறு குழு செய்தது. காண்ட்ரா என்ற பெயருக்கு அவர்களுக்கு உரிமையில்லை, ஆனால் உயிர் இருக்கிறது. ஒரே குண்டு, ஒரே சாவு. படம் பழைய 16-பிட் பாணிதான், ஆனால் ஒவ்வொரு குண்டும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும் நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். மனித இனத்தை அடிமைப்படுத்திய ரோபோப் படை, அதை எதிர்க்கும் கலகக்காரர்கள், திரையை அடைக்கும் இயந்திர ராட்சதர்கள் என்று மிகைக்கும் குறைவில்லை. ஒவ்வொரு ராட்சதனும் அடிக்கும் முன் ஒரு அறிகுறி காட்டுவான். முதல்முறை செத்துக் கற்போம், அடுத்தமுறை அந்த அறிகுறிக்கே கை தானாகத் தாவும். வைத்துக்கொள்ளுங்கள், பையனுக்கு அடுத்து வாங்கித் தரலாம்.

சுடுகிற விளையாட்டு பிள்ளையைக் கெடுக்காதா என்ற கவலையும் உங்கள் முகத்தில் தெரிகிறது. ரத்தம் தெறிக்க, மனித முகத்தை அருகில் காட்டிச் சுடவைக்கும் விளையாட்டுகள் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பார்த்து அவற்றைத் தள்ளிவைப்பது சரி. பழைய காண்ட்ராவில் எதிரி ஒரு சிறு வெடிப்பாக மறைவான், அவ்வளவுதான். பிள்ளையின் கவனம் கொல்வதில் இல்லை, அடுத்த குண்டு எங்கிருந்து வருகிறது என்பதில். பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பார்த்த யாருக்கும் இது தெரியும்.

ஆகவே இன்று ராத்திரி இரண்டு காரியம் செய்யுங்கள். ஆடத் தொடங்கும் முன் அமைப்புக்குள் போனால், பலப் பட்டையை எடுத்துவிட்டு ஒரே அடியில் சாகும் முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதைப் போடச் சொல்லுங்கள், விளையாட்டே வேறாகிவிடும். இன்னொரு கன்ட்ரோலர் எடுத்து நீங்களும் உட்காருங்கள். கதை முறையில் இரண்டு பேர் ஆடலாம், ஆர்கேட் முறையில் நான்கு பேர்வரை. உங்களுக்குப் பழையதே வேண்டும் என்றால் 2019-இல் கோனாமியே 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' என்று முதல் காண்ட்ராவையும் அதன் தொடர்களையும் ஒரே தொகுப்பாகப் போட்டிருக்கிறது. அதில் ஜப்பானியப் பதிப்பும் உண்டு. நாம் பார்த்திராத காட்டு இலைகளின் அசைவும், பனிக்கட்டத்தில் விழும் பனியும் அதில் இருக்கும். இப்போது நடுவில் சேமித்தும் வைக்கலாம், கரண்ட் போனால் கவலையில்லை. அருவிக் கட்டம் வரும்போது மட்டும் பையனைவிட ஒரு படி கீழேயே நில்லுங்கள், முதலில் அவன் ஏறட்டும், நீங்கள் விழுந்தால் பரவாயில்லை.