சர்வர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது எப்படி?

சுபாங் ஜெயாவில் உங்கள் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரைப் பாருங்கள். விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. ஆனாலும் மின்சாரம் வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. அதன் சில்லுக்குள் எழுதி வைத்திருக்கும் சிறு நிரல்தான் காரணம். அதற்குப் பெயர் ஃபர்ம்வேர், தமிழில் நிலைப்பொருள். சைபர்ஜெயாவின் தரவு மையங்களில் வரிசையாக நிற்கும் சர்வர்களிலும் இது உண்டு. ஒரே சர்வரில் தாய்ப்பலகைக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று, பிணைய அட்டைக்கு ஒன்று எனப் பல இருக்கும்.

ஒருமுறை எழுதியதை ஏன் மாற்ற வேண்டும்? 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் சில வகை எஸ்.எஸ்.டி. வட்டுகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். உள்ளிருக்கும் தரவும் திரும்பக் கிடைக்காது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம்தான் ஆயுள். 2-ஐ 15 தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், அதே 32,768 வரும். கூட்டல், கழித்தல் குறியோடு 16 பிட்டில் எண்ணினால் 32,767-க்கு மேல் போக முடியாது. எண்ணைப் பார்த்தாலே எங்கே தவறு நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்! ஒன்று கெட்டால் மற்றொன்று காப்பாற்றும் என்றுதான் பல வட்டுகளைச் சேர்த்துப் பொருத்துகிறார்கள். ஒரே நாளில் பொருத்தியவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விட்டால்? கெடு வருமுன் புதிய ஃபர்ம்வேரை ஏற்றுவது ஒன்றே வழி.

நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குப் பென்டிரைவோடு நடக்க முடியாது. ஆகவே புதிய கோப்பை ஓர் இணையச் சர்வரில் வைக்கிறார்கள். கூடவே மாடல், பதிப்பு எண் கொண்ட ஒரு பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் மேலாண்மைக்கென்று தனியாக ஒரு குட்டிக் கணினி உண்டு. சர்வரை அணைத்தாலும், மின்கம்பி செருகியிருக்கும் வரை அது விழித்திருக்கும். குறித்த நேரத்தில், விடியற்காலை இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம், அது பட்டியலைப் படிக்கும். தன்னிடம் இருப்பது பழையது என்றால் கோப்பை இறக்கிக்கொள்ளும்.

உடனே எழுதிவிடாது. எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கின் மூலம் கோப்புக்கு ஒரு கைரேகை எடுக்கும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். ஆனால் இணையச் சர்வருக்குள் புகுந்த திருடன் கோப்பையும் மாற்றி, பட்டியலிலுள்ள கைரேகையையும் மாற்றலாமே? அதற்காகத்தான் மின்னொப்பம். ஒப்பமிடும் இரகசியச் சாவி தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி சர்வருக்குள் முன்பே பதிந்திருக்கும். எழுதும்போது மின்சாரம் போனால் சில்லு வெறும் செங்கல்தான். எனவே நல்ல பலகைகளில் இரண்டு இடங்கள் உண்டு. புதியது ஓடவில்லை என்றால் பழையது எழுந்துகொள்ளும்.

ஒப்பம் சரி என்பதால் கோப்பும் சரி என்று ஆகாது. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தானியங்கிப் புதுப்பிப்பு ஒன்று நம் நேரப்படி பிற்பகல் 12.09-க்குப் புறப்பட்டது. அது ஃபர்ம்வேர் அல்ல, பாதுகாப்பு மென்பொருள்; ஆனால் வந்த வழி இதே மாதிரிதான். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இங்கே ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஊழியர்கள் கையால் பதிவு செய்தார்கள்.

இதனால்தான் கவனமான நிர்வாகிகள் தங்கள் சர்வர்களை நேராகத் தயாரிப்பாளரின் தளத்தைப் பார்க்க விடுவதில்லை. சொந்தமாக ஓர் இணையச் சர்வர் வைத்து, புதிய கோப்பை முதலில் இரண்டே இரண்டு சர்வர்களுக்குக் கொடுப்பார்கள். சில நாள் பொறுத்துப் பார்த்துப் பத்துக்கு, பிறகுதான் மற்றவற்றுக்கு.

உங்கள் ரவுட்டரிலும் பதிப்பு எண் உண்டு. அமைப்புப் பக்கத்தில் தேடுங்கள். புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.