உங்களுக்குத் தெரியுமா? கூச்சமும் சிகிச்சையும் ஆய்வும்

"கூச்ச சுபாவம், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று நாம் விட்டுவிடும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது சமூகப் பதற்ற நோய். பெரும்பாலும் பதின்வயதிலேயே தொடங்கிவிடுகிறது. விடை தெரிந்தும் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வாய் திறக்காத மாணவி, கல்யாணப் பந்தியில் உட்கார அஞ்சுகிறவர், வங்கி கவுன்ட்டரில் கையெழுத்துப் போடக் கை நடுங்குகிறவர் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சமூகப் பதற்றம் தனி நோயாக இடம்பிடித்தது 1980இல்தான்.

இதற்குச் சிகிச்சை தொலைவில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டிலேயே முதலில் தொடங்கப்பட்ட 4 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று! ஸ்ரீரங்கத்துக்காரர் சிகிச்சைக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போனால் போதும்.

பயப்படும் சூழலைச் சிறிது சிறிதாகச் சந்திக்கவைக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் பலன் தருகின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தானாக வாங்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

இவை பலன் தரும் என்று தெரிந்ததே, ஆய்வுக்குத் தாமாக முன்வந்த நோயாளிகளால்தான். காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகுக்குக் காட்டியதும் 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் பங்கேற்ற ஏழை நோயாளிகள்தான். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் சமூகப் பதற்றம் உள்ளவருக்கு முன்பின் தெரியாத மருத்துவரிடம் "நான் ஆய்வுக்கு வருகிறேன்" என்று சொல்வதே மலை. அதனால்தான் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிகிச்சையை இணையம் வழியே கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான அந்த முடிவு நம்பிக்கை தந்தது. நம் ஊர்களிலும் தமிழில் இப்படிப்பட்ட ஆய்வுகள் நிறைய நடக்க வேண்டும். ஏனெனில் பந்தி போன்றவை நம் ஊருக்கே உரிய சங்கடங்கள்.

ஆய்வில் பங்கேற்க நினைப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எந்த நிலையிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் மருத்துவச் செலவு அவர் தலையில் விழக் கூடாது. ஆய்வை அலசும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள்.

புதிய சிகிச்சை யாருக்கு, காத்திருப்பு யாருக்கு என்பதைப் பெரும்பாலும் குலுக்கல்தான் முடிவு செய்யும். "எனக்குக் காத்திருப்பு வந்தால் பிறகாவது சிகிச்சை தருவீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகி இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

ஆய்வு வேண்டாம், முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். பேசக் கூசுகிறவருக்காக வீட்டில் உள்ளவர்களும் அழைத்துக் கேட்கலாம்.