கரணையைச் சுற்றி மூன்று பேர்

டீ ஆறுவதற்குள் ஒரு மிருதங்கத்தை மனக்கண்ணில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை நடுவில் வைத்துச் சேர்வது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிச்சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழும். அவை ஒன்றோடொன்று இசைவதால் காது ஒரே சுருதியாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலில் அப்படி நடப்பதில்லை. மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒட்டாமல் வரும், சுருதி நிற்காது. அப்படியானால் மிருதங்கம் எப்படித் தம்புராவோடு சேர்கிறது?

கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை எழுதினார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கிறதே, அந்தக் கரணைதான் காரணம். நடுவில் பாரம் ஏறியதும் மேற்சுரங்கள் நகர்ந்து, ஏறக்குறைய 2, 3, 4, 5 மடங்குகளில் வந்து அமர்கின்றன. 1934இல் எழுதிய கட்டுரையில், தோல்மீது நுண்மணலைத் தூவி, அது எங்கே துள்ளுகிறது, எங்கே கோடாகத் தங்குகிறது என்பதையும் ராமன் காட்டினார்.

இப்போது வாசிப்பவரின் கையைப் பாருங்கள். ‘நம்’ என்ற சொல்லுக்கு மோதிர விரல் கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்கும். ஆள்காட்டி விரல், தோலின் வெளியோர வளையமான மீட்டில் விழும். தொட்ட இடம் அசையாது. அதன் வழியாகத் தோலின் குறுக்கே ஒரு கோடே அசையாமல் நின்றுவிட, அடிச்சுரம் அடங்கி இரண்டாவது சுரம் கணீரென்று கேட்கும். மணல் காட்டியதைத்தான் குருமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சீடர்களின் விரலைப் பிடித்து வைத்துக் கற்பித்து வந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கறுப்புக் கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய பூச்சு பூச்சாக ஏற்றி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கரணை போடுபவர். எந்தப் பூச்சோடு நிறுத்துவது என்பதை அவர் காதுதான் சொல்லும். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து போன்றவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலை எழுதினார்; அது வந்தது 2020இல். அதுவரை எத்தனை ரசிகர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்? கருத்தரங்குக்குப் பேராசிரியரை அழைக்கிறோம், வித்வானை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். கரணை போடுபவருக்கு அழைப்பிதழே போவதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

மேடைப் பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் யாரும் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இயற்பியல் துறையில் ஓர் அறையைச் சில வாரங்களுக்கு ஒதுக்கட்டும். கேள்வியும் தயாராகவே இருக்கிறது: விலங்குத் தோலுக்குப் பதில் செயற்கைத் தோல் போட்டால் கரணை அதில் ஒட்டி நிற்குமா? நின்றாலும் ‘சாப்பு’ என்ற சொல் அதே நாதத்தோடு பேசுமா? கரணை போடுபவர் ஒவ்வொரு பூச்சாக ஏற்றும்போது, மாணவர் மைக் வைத்து அதிர்வெண்ணைக் குறிக்கட்டும். வித்வான் தட்டிப் பார்த்து, விரலுக்கு என்ன குறைகிறது என்று சொல்லட்டும். அளவுக் கருவி சரி என்று காட்டுவதை வித்வானின் கை மறுத்தால், அங்கிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கலாம்.

கரணை போடுபவருக்கு அத்தனை நாளுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை வெளியாகும்போது, கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் அவரைச் சேர்த்துவிடாமல், ஆசிரியர் வரிசையிலேயே அவர் பெயரும் வர வேண்டும்.