கொல்லிமலை இறக்கத்தில் உங்கள் வலது கால் என்ன செய்கிறது? ரேஸ் டிரைவர்களின் 'ஹீல் அண்டு டோ' டெக்னிக்!

திருச்சி, ஸ்ரீரங்கம்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய மலைகள் இரண்டு. துறையூர் தாண்டினால் பச்சமலை. நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்குப் போனால் கொல்லிமலை. அதில் கொல்லிமலைப் பாதைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்!

ஏறும்போது எல்லோரும் உஷாராகத்தான் ஓட்டுகிறோம். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் வண்டிக்கு நிஜமான பரீட்சை. பாதி வளைவு தாண்டுவதற்குள் ஒரு கருகல் வாசனை வரும். 'ஏதோ எரியுற மாதிரி இருக்கே' என்று பின்சீட்டில் இருந்து குரல் கேட்கும். எரிவது உங்கள் பிரேக்!

இரண்டு கேன் தண்ணீர் கொதிக்கும் சூடு

ஒரு சின்னக் கணக்கு. காரும் அதில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து 1,250 கிலோ. சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம் கீழே இறங்குகிறார்கள். அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்கினால் உண்டாகும் சூட்டில், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் இரண்டு!

இவ்வளவு சூடு ஏறினால் பிரேக் பேடுகளின் பிடிமானம் குறையும். பிரேக் ஆயிலும் கொதிக்கத் தொடங்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஆனால், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆயிலுக்குள் ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் 'பொதக்'கென்று உள்ளே போகும்; வண்டி நிற்காது.

இதைத் தவிர்க்கத்தான் சரியான நேரத்தில் கியரைக் குறைக்க வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். 'எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு' என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். ஊட்டியின் கல்லட்டி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கியர் குறைக்கும்போது ஏன் உதறுகிறது?

'இரண்டாவது கியர் போட்டால் வண்டி உதறுகிறதே' என்று பலர் நியூட்ரலில் இறங்குகிறார்கள். உதறலுக்குக் காரணம், இன்ஜின் வேகமும் சக்கரத்தின் வேகமும் பொருந்தாததுதான்.

ஒரு சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக் மூன்றாவது கியரில் 60 கி.மீ வேகத்தில் போகிறது. இன்ஜின் சுமார் 2,800 ஆர்.பி.எம்-மில் சுற்றும். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு ஏறக்குறைய 4,200 வேண்டும். நீங்கள் கிளட்சை மிதித்ததும் இன்ஜின் வேகம் ஏறாது, இறங்கும். 1,500-க்கு வந்த நேரத்தில் கிளட்சைப் படாரென்று விட்டால், சக்கரங்கள்தான் இன்ஜினை 4,200-க்கு இழுத்துச் செல்ல வேண்டும். அதுதான் அந்த உதறல். மழையில் நனைந்த வளைவில் இது நடந்தால் டயர் ஒரு நொடி பிடிப்பை இழக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. பின்சக்கரம் தள்ளும் வண்டி என்றால் பின்பக்கம் வீசும்.

தீர்வு எளிது. கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, இன்ஜினை அந்த 4,200-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதற்குப் பெயர் 'ரெவ் மேட்சிங்'. சரியாகச் செய்தால், பின்சீட்டில் தூங்கும் பாட்டிக்கு கியர் மாறியதே தெரியாது.

மூன்று பெடல், இரண்டு கால்!

சிக்கல் என்னவென்றால், இறக்கத்தில் வலது கால் பிரேக்கில் இருக்கிறது. இடது கால் கிளட்சில். ஆக்சிலரேட்டரைத் தட்ட மூன்றாவது காலுக்கு எங்கே போவது?

இங்கேதான் 'ஹீல் அண்டு டோ' வருகிறது. வலது கால் ஒன்றே இரண்டு பெடல்களையும் கவனித்துக்கொள்ளும்:

1. வலது பாதத்தின் முன்பகுதியால், பிரேக் பெடலின் வலது ஓரத்தை அழுத்துங்கள்.

2. அழுத்தம் மாறாமல், இடது காலால் கிளட்சை மிதியுங்கள்.

3. கியரைக் குறையுங்கள்.

4. பிரேக்கை விடாமலே, வலது பாதத்தின் வெளி விளிம்பையோ குதிகாலையோ சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள்.

5. கிளட்சை விடுங்கள். பிறகு வளைவில் திரும்புங்கள்.

மொத்தமும் ஒரு நொடிக்குள் முடியும். பெயரில் குதிகால் இருந்தாலும், இன்றைய கார்களின் பெடல் அமைப்புக்குப் பலரும் பாதத்தின் விளிம்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் சுசூகா டிராக்கில் அயர்டன் சென்னா ஹோண்டா என்.எஸ்.எக்ஸ் ஓட்டும் வீடியோவை யூடியூபில் பாருங்கள். சாதாரண ஷூ, வெள்ளை சாக்ஸ்... பெடல்களில் கால் பரதமே ஆடும்!

நம் ஊர் ரேஸ் கதை

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களில்தான் ஒரு தலைமுறையே ரேஸ் பழகியது. அதில் தொடங்கியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 1992-ல் ஃபிரான்ஸின் வின்ஃபீல்டு ரேஸிங் பள்ளியில் பயிற்சி பெற்று, 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கும் இருக்கிறது.

ஒரு சுவாரஸ்யம்: நரேன் போய்ச் சேர்ந்தபோது ஃபார்முலா 1-க்கு 'ஹீல் அண்டு டோ' தேவைப்படவில்லை. 1989-லேயே ஃபெராரி, ஸ்டீயரிங்கில் இருக்கும் துடுப்பைத் தட்டி கியர் மாற்றும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. சாலைக் கார்களில், 2009 மாடல் நிஸான் 370இசட் மேனுவல் கியர் காரிலேயே ரெவ் மேட்சிங்கைக் கம்ப்யூட்டர் செய்துகொடுத்தது.

உங்களுக்கு இது வேண்டுமா?

மனதில் பட்டதைச் சொல்லிவிடலாம். குடும்பத்தோடு போகும் காருக்கு 'ஹீல் அண்டு டோ' கட்டாயமே இல்லை. வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் பிரேக் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, கியரை மாற்றி, கிளட்சை மெதுவாக விட்டாலே போதும். அடுத்த படி ரெவ் மேட்சிங். அது கைவந்த பிறகுதான் 'ஹீல் அண்டு டோ'.

பழக ஆசைப்படுபவர்கள், முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடாத நிலையில் காலசைவை மட்டும் பழகுங்கள். பிறகு ஆளில்லாத மைதானத்தில், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள். மாம்பழச்சாலை சிக்னலும் உத்திர வீதியும் அதற்கான இடமல்ல. பிரேக்கில் இருக்கும் கால் நழுவி ஆக்சிலரேட்டரை அழுத்தினால், முன்னால் நிற்கும் ஆட்டோதான் பலி. செருப்பு வேண்டாம், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ நல்லது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சில புதிய கார்களில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக அழுத்தினால், பாதுகாப்புக்காக ஆக்சிலரேட்டர் வேலை செய்யாது. அந்தக் கார்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதேபோல, 60 கி.மீ வேகத்தில் தவறி முதல் கியர் விழுந்தால், மேலே சொன்ன ஹேட்ச்பேக்கின் இன்ஜின் 7,700 ஆர்.பி.எம்-முக்கு இழுக்கப்படும். இன்ஜின் செலவு லட்சத்தில் வரலாம்.

இறக்கத்தில் மறக்கக் கூடாதவை

* நியூட்ரல் வேண்டாம். பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக்கணக்கு. இன்றைய கார்கள் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவழிக்கும்.

* சாவியை அணைத்துவிட்டு இறங்கவே கூடாது. பிரேக்கின் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும்.

* பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிட்டுப் பிடியுங்கள்.

* குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி.

* கருகல் வாசனை வந்தாலோ, பெடல் ஆழமாகப் போனாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான இரும்பு வளைந்துவிடும்.

* பிரேக் பிடிக்கவே இல்லையா? பெடலைத் தொடர்ந்து மிதித்து விடுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால், வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவர் பக்கம் உரசவிடுங்கள்.

அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பிரேக் ஆயில் மாற்றி எவ்வளவு நாளாச்சு?' இரண்டு வருடம் தாண்டியிருந்தால், மாற்றிவிட்டே கிளம்புங்கள்!