பெட்டை நாயும் கருப்பைச் சீழும்: கிருமி மட்டுமா காரணம்?

நாஞ்சில் நாட்டுப் பக்கம் கடுவன் குட்டிக்குத்தான் கிராக்கி. பெட்டை நாய் வளர்க்கிறவங்களிலும் அதுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்கிறவங்க குறைவு. அப்படி விட்ட நாய்களுக்கு நடுவயசுக்கு மேல் வருகிற ஒரு நோயைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பருவம் முடிஞ்சு ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகியிருக்கும். நாய் சாப்பிடாது, சுருண்டு கிடக்கும், தண்ணி மட்டும் சட்டி சட்டியாகக் குடிக்கும். "வெயில் அடிக்குல்லா, அதான்" என்று நாம் விட்டுவிடுவோம். உள்ளே கருப்பையில் சீழ் கட்டிக்கொண்டிருக்கலாம். மருத்துவத்தில் இதற்குப் பெயர் பயோமெட்ரா.

சீழ் என்றதும் கிருமி எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கத் தோணும். வெளியே எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெட்டை நாயின் யோனியிலேயே ஈ. கோலை, ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பாஸ்சுரெல்லா எல்லாம் சாதாரணமாகக் குடியிருக்கும். பெண்களின் யோனியில் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் செலுத்தி அமிலத்தன்மையைக் காக்கும். நாய்க்கு அந்த ஏற்பாடு இல்லை. அதனால் பஞ்சில் ஒற்றியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், நோயில்லாத நாய்க்கும் 'பாக்டீரியா வளர்ந்தது' என்றே ரிப்போர்ட் வரும். அதை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்த்துவிடுவோம்.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு புருசெல்லா கேனிஸ். 1966இல் அமெரிக்காவில் கார்மைக்கேல் கண்டறிந்த பாக்டீரியா இது. இணைசேரும்போது பரவும், கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். இணைசேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் இதற்கு ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

அப்படியானால், சும்மா இருக்கிற கிருமி எப்போது ஆபத்தாகிறது? பருவத்தில் கருப்பை வாய் திறந்திருக்கும், கிருமிகள் மேலே ஏறும். கருப்பை வழக்கமாக அவற்றை வெளியே தள்ளிவிடும். பருவம் முடிந்ததும் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது. நாயின் விசேஷம் என்னவென்றால், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இந்த ஹார்மோன் சுமார் 2 மாதம் உயர்ந்தே நிற்கும். கருவைக் காப்பதற்காக அது கருப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும், சுரப்புகளைக் கூட்டும், தசை சுருங்குவதைத் தடுக்கும், கருப்பை வாயை மூடும், அங்குள்ள நோய் எதிர்ப்பையும் தணிக்கும். கரு இல்லாத இடத்தில் கிருமிக்கு இதைவிட நல்ல விளைநிலம் உண்டா? அங்கே பெரும்பாலும் வளர்வது ஈ. கோலைதான். அதன் நச்சு ரத்தத்தில் கலந்தால், சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாது. சிறுநீர் நிறையப் போகும். அதை ஈடுகட்டத்தான் அந்தத் தாகம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் இது திரும்ப நடப்பதால், வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறும். கருத்தடை அபூர்வமாக இருந்த ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 10 வயசுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டை நாய்க்கு இது வந்திருந்தது. 'ஒரு தடவை குட்டி போட்டா வராது' என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடுவது இன்னும் மோசம். அந்த மருந்து புரோஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும்.

கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், கண்டுபிடிக்கலாம். மூடியிருந்தால் எதுவும் வடியாது. வயிறு மட்டும் பெருக்கும், சினை என்று நினைத்து ஏமாந்துபோவோம். கருப்பை கிழிந்தாலோ நச்சு ரத்தத்தில் பரவினாலோ நாய் செத்துவிடும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லும். நிச்சயமான சிகிச்சை கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவதுதான். ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் அந்தச் சீழை வெளியேற்றாது. குட்டி வேண்டும் என்கிற இளம் நாய்க்குச் சில சமயம் ஹார்மோன் மருந்து பயன்படும். ஆனால் நோய் திரும்பி வர வாய்ப்புண்டு.

குட்டி தேவையில்லை என்றால் முன்கூட்டியே கருத்தடை செய்துவிடுவது உத்தமம். இல்லையென்றால் பருவம் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்க. அடுத்த இரண்டரை மாதம் தாகம், சோர்வு, வாந்தி, வடிதல் இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. பெரிய வசதி வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டரிடம் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்க, பாதி நோய் அதிலேயே பிடிபடும்.