பொம்மையைத் தட்டினாலும் பயம் குறைந்தது

உடலைத் தட்டி மனப்பாரத்தை இறக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது, கனடாவின் வெண்டி வெயிட், மார்க் ஹோல்டர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வைத் தாண்டிப்போக முடியாது. ஏதேனும் ஒன்றுக்குப் பயப்படும் கல்லூரி மாணவர்கள் 119 பேரை அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு, அக்குபிரஷர் புள்ளிகள் என்று சொல்லப்படும் இடங்களை விரலால் தட்டியது. இரண்டாம் குழு, அப்படிப்பட்ட புள்ளிகள் இல்லாத இடங்களைக் கையில் தட்டியது. மூன்றாம் குழுவிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து அதைத் தட்டச் சொன்னார்கள். நான்காம் குழு காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்தது. முடிவில், தட்டிய மூன்று குழுக்களுக்கும் பயம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. காகிதம் மடித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

இஎஃப்டி என்றும் டேப்பிங் என்றும் இந்த முறையை அழைக்கிறார்கள். செய்வது எளிது. வாட்டும் உணர்வு ஒன்றை மனதுக்குக் கொண்டுவந்து, அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பை மறுகை விரல்களால் தட்டிக்கொண்டே, ‘இந்தப் பயம் எனக்கு இருந்தாலும் என்னை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொருளில் மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு புருவம் தொடங்கும் இடம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழுள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, மோவாய்க் குழி, காறை எலும்பின் அடி, அக்குளுக்குச் சற்றுக் கீழே, உச்சந்தலை என ஒவ்வோர் இடமாகத் தட்டியபடி அந்த உணர்வின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி மதிப்பெண்.

இதன் வேர் கலிபோர்னியாவில் இருக்கிறது. ராஜர் கேலஹன் என்ற உளவியலாளரிடம், தண்ணீர் என்றாலே நடுங்கும் ஒரு பெண் நீண்ட காலமாகச் சிகிச்சை பெற்றுவந்தார். அந்தப் பயம் வயிற்றில் தெரிகிறது என்று 1980 வாக்கில் ஒருநாள் அவர் சொன்னார். சீன மருத்துவத்தின்படி வயிற்றுக்குரிய சக்திப் பாதை கண்ணுக்குக் கீழே தொடங்குகிறது. கேலஹன் அந்த இடத்தைத் தட்டச் சொன்னார். சில நிமிடங்களில் பயம் போய்விட்டதாகச் சொன்ன அந்தப் பெண், வெளியே இருந்த நீச்சல் குளத்தை நோக்கி நடந்தாராம். இது கேலஹனே சொன்ன கதை. எந்தப் பிரச்சினைக்கு எந்தப் புள்ளியை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்று அவர் பின்னர் விரிவாக வகுத்தார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க், பொறியியல் படித்தவர். அவர் 1990களில் அந்த வரிசைகளையெல்லாம் கைவிட்டு, எதற்கானாலும் ஒரே சுற்றுப் போதும் என்றார். அதிலும் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். வரிசை முக்கியமில்லை என்றால் புள்ளிதான் முக்கியமா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதற்றம் குறித்த 14 ஆய்வுகளை, மொத்தம் 658 பேரை உள்ளடக்கி, 2016இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது பதற்றம் கணிசமாகக் குறைந்தது தெரிந்தது. ஆனால், ஏற்கெனவே நிறுவப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிடப் போதுமான தரவு அதில் இல்லை. 83 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு மணி நேரத் தட்டலுக்குப் பிறகு, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் சுரப்பு 24 சதவீதம் குறைந்ததாகவும், பேச்சுவழி ஆலோசனை பெற்றவர்களிடம் அந்தக் குறைவு ஏறத்தாழ 14 சதவீதமே என்றும் அது சொன்னது. அதை நடத்திய டாசன் சர்ச் இந்த முறையைப் பரப்பிப் பயிற்சி தருபவர் என்பதையும் சேர்த்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்புக்கு இது உதவுமா என்று ஆராயும்படி பரிந்துரைத்தது. சிகிச்சையாக அதைப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் குறைப்பது எது? என் பார்வையில், விரலை விட வாய்க்கே பெரும்பங்கு சேர வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு ஒன்றில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தைக் கண்டு எச்சரிக்கும் அமிக்டலா அடங்கியது. நெற்றிப் பக்க மூளையின் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. பயத்தை வாய்விட்டுச் சொன்னால் பயம் கூடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்; இந்த முடிவு அதற்கு மாறானது. 2012இல் கேத்தரினா கிர்கான்ஸ்கி, லீபர்மன், மிஷெல் கிராஸ்க் மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். சிலந்திக்குப் பயப்படும் 88 பேரை உயிருள்ள பெரிய டரன்டுலா சிலந்தி ஒன்றின் அருகே நெருங்கச் செய்தார்கள். ஒரு குழு தன் பயத்தை அப்படியே வார்த்தையில் சொன்னது. இன்னொன்று, அது ஒன்றும் செய்யாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. மூன்றாவது வேறு ஏதோ பேசிக் கவனத்தைத் திருப்பியது. நான்காவது எதுவுமே சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்தியருகே நிறுத்தியபோது, பயத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டவர்களின் தோலில்தான் கலக்கத்தின் அறிகுறியான வியர்வை மாற்றம் குறைவாக இருந்தது.

டேப்பிங்கில் ஒருவர் ‘இந்தப் பயம் எனக்கு இருந்தாலும்’ என்று சொல்லும்போது நடப்பதும் இதற்கு நெருக்கமானதே. ஒதுக்கிவைத்த நினைவைத் தானே வரவழைக்கிறார், அதற்குப் பெயர் வைக்கிறார், சில நிமிடம் அதோடு இருக்கிறார், ஆபத்து எதுவும் நேரவில்லை என்பதை உடல் உணர்ந்துகொள்கிறது. பயத்துக்குரியதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையை ஜோசப் வோல்பே 1950களிலேயே முறைப்படுத்தினார். கலக்கத்துக்கு மதிப்பெண் போடும் அளவுகோலும் அவர் தந்ததுதான். விரல்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். சீரான தாளத்தில் உடலைத் தொடுவது பலருக்கு அமைதி தருகிறது, கவனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. நினைவில் முழுதாக மூழ்கிவிடாமல் அதைப் பார்க்க அது உதவலாம்.

புள்ளியை நம்புகிறவர்கள் கனடா ஆய்வுக்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பொம்மையைத் தட்டியவர்களின் விரல் நுனியிலும் அக்குபிரஷர் புள்ளிகள் உண்டு, அவை தூண்டப்பட்டிருக்கும் என்கிறார்கள். அதை ஏற்றால் மேசையைத் தட்டினாலும் கதவைத் தட்டினாலும் சிகிச்சையாகிவிடும். எந்தச் சோதனையாலும் தவறென்று காட்ட முடியாத ஒன்றை அறிவியலாக ஏற்க என்னால் முடியவில்லை. அதே சமயம், ஆசிரியர்களின் பணிச்சோர்வு பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வில், முன்கையைத் தட்டியவர்களை விட உரிய புள்ளிகளைத் தட்டியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அது இத்துறையின் சொந்த இதழில் வெளியானது. சார்பற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. பலன் கிடைக்காதவரைப் பார்த்து, உங்களுக்குள் ஒரு தலைகீழ் மனநிலை இருக்கிறது, அதுதான் தடுக்கிறது என்று சொல்லும் வழக்கம் கேலஹன் காலத்திலிருந்தே உண்டு. ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் தலையில் இன்னொரு பழியை ஏற்றுவது கொடுமை. ஒரு முறை ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றால், பிழை அவருடையதாக இருக்க வேண்டியதில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவின் படபடப்புக்கோ, மேடையேறுமுன் வரும் நடுக்கத்துக்கோ ஐந்து நிமிடம் தட்டிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. வன்முறை, விபத்து, சிறுவயதுக் கொடுமை போன்றவற்றின் நினைவைத் தனியே உட்கார்ந்து, வீடியோ ஒன்றைப் பார்த்துக் கிளறுவது வேறு. கிளறிய நினைவு வந்த வேகத்தில் அடங்காமல் போகலாம், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தவும் கூடாது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.